சர்க்கரை நோயும் உடற்பயிற்சியும்: ஆரம்ப சூரத்தனம் அடங்கிய பிறகும் தொடர்வது எப்படி?

சர்க்கரை இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த முதல் வாரத்தில் நடக்காதவர் யாரும் இல்லை. புது ஷூ, ஐந்து மணி அலாரம், மைதானத்தில் ஒரு மணி நேரம். இரண்டாவது வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் ஊரில் ஒரு கல்யாணம். திரும்பி வந்தால் மழை. அதோடு ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும். வீட்டில் இதைச் சோம்பல் என்று திட்டுவார்கள். பெரும்பாலும் அது காரணமல்ல. எடுத்த எடுப்பிலேயே அளவு அதிகம், செய்ததன் பலன் கண்ணில் படவில்லை, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் என்ன செய்வது என்று முன்கூட்டி யோசிக்கவும் இல்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால் மன உறுதி என்ற சரக்கு அதிகம் தேவைப்படாது.

கீழே உள்ளவை இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள, இதுவரை உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத பெரியவர்களுக்கானவை. முதல் வகை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்சுலின், உணவுக் கணக்கு வேறு. அவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

உடற்பயிற்சியின்போது சுகர் திடீரென்று இறங்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள் சாப்பிடும் மருந்துதான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு நடையால் லோ சுகர் வருவது அபூர்வம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்றவற்றிலும் அந்தப் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் என்றால் கவனம் தேவை. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து விற்பதால் பிராண்ட் பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். புரியாவிட்டால் மருந்துக் கடையிலேயே கேட்கலாம்.

டாக்டரிடம் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கண்ணின் விழித்திரை பரிசோதித்தாயிற்றா? பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? (நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், ஓரிரு நிமிட வேலை.) நெஞ்சுவலி, மாடிப்படி ஏறினால் அளவுக்கு மீறி மூச்சு வாங்குவது, வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் என்று எதுவும் இருந்தால் இசிஜி எடுக்க வேண்டுமா? விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் கனமான எடை தூக்குவதும், மூச்சை அடக்குவதும், சிரசாசனம், சர்வாங்காசனம் போலத் தலைகீழாக நிற்பதும் கூடாது. உள்ளே ரத்தம் கசியலாம். சாதாரண நடைக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே எல்லாப் பரிசோதனையும் முடியட்டும் என்று பத்து நிமிட நடையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம்: சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், அவ்வளவுதான்

விடியற்காலையில் எழுவது உங்கள் வழக்கமில்லை என்றால், அதையும் உடற்பயிற்சியையும் ஒரே நேரத்தில் பழக முயலாதீர்கள். ஒரு பழக்கம் போதும். எப்படியும் நடந்தேறும் ஒரு காரியத்தோடு நடையைக் கட்டிவிடுங்கள். சாப்பாடு அதற்கு மிகவும் தோதானது, ஏனென்றால் அதை யாரும் மறப்பதில்லை.

1. ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். இரவுச் சாப்பாடு பலருக்கு ஒத்துவரும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிடும் பெண்களுக்குக் காலை டிபன் முடிந்து வீடு காலியாகும் நேரம் சரி.
2. சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் எழுந்து நடங்கள். வேகம் வேண்டாம், கடைக்குப் போகும் நடை போதும்.
3. போனில் 5 நிமிட டைமர் வையுங்கள். அது அடித்ததும் வந்த வழியே திரும்புங்கள். தெம்பு இருந்தாலும் 10 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.
4. வந்ததும் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அன்றைய தேதியில் நிமிடத்தை மட்டும் எழுதுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் மீறுகிறார்கள். முதல் வாரத்தில் தெம்பு இருப்பது இயல்பு. அதைச் செலவழித்துவிட்டு எட்டாம் நாள் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்வதைவிட, "இவ்வளவுதானா?" என்ற நினைப்போடு வீட்டுக்குத் திரும்புவது நல்லது.

பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும்? தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகை நோயில் பழுதாகியிருப்பது இன்சுலின் வழி. தசையின் இந்தத் தனி வழி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு சுகர் உச்சத்துக்குப் போவது ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில். அந்த ஏற்றத்தின் நடுவே காலை அசைத்தால் உச்சம் மழுங்கும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தது: ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளை உணவுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சுகர் 12 சதவீதம் குறைவாக இருந்தது; இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். மாவுச்சத்தை அதிகம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இரவில்தானே.

பலனை அன்றைக்கே பாருங்கள்

எடை குறைய மாதங்கள் ஆகும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது சுகரின் மூன்று மாதச் சராசரி. இந்த இரண்டையும் நம்பிக் காத்திருப்பவர் ஒன்றும் நடக்கவில்லை என்று நடுவிலேயே விட்டுவிடுவார். நடையின் பலன் அதே நாளில் குளுக்கோமீட்டரில் தெரியும். அதைப் பார்க்கச் சரியான முறை ஒன்று உண்டு.

இரண்டு நாள் ஒரே காலை உணவு. மூன்று இட்லி, ஒரு கரண்டி சாம்பார் என்றால் இரண்டு நாளும் அதே அளவு, அதே நேரம், அதே மாத்திரை. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக ஒன்றரை மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். அடுத்த நாள் சாப்பிட்டு 15 நிமிடம் கழித்து, 15 நிமிடம் நடந்துவிட்டு, அதே ஒன்றரை மணியில் பாருங்கள். முடிந்தால் ஒரு வாரம் விட்டு இந்த ஜோடியை இன்னொரு முறை செய்யுங்கள். வீட்டு மீட்டருக்கு 15 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்பட்டதுதான். அதனால் 172-க்கும் 165-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 210 என்பது 165 ஆனால் அது உங்கள் கால் செய்த வேலை.

அளவு தப்புவதற்குப் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள்தான். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சுகரைக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தாலும் தவறும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரத்தில் கெட்டுப்போகும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ஸ்ட்ரிப் விலை மலிவில்லை. தினமும் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மனம் சலிக்கும் வாரத்தில் ஒரு ஜோடி பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் 135 இருந்தது, வேகமாக நடந்துவிட்டு வந்து பார்த்தால் 150, "நடந்தால் ஏறுகிறதே" என்று விட்டவர்கள் உண்டு. விடியற்காலையில் உடலே சில ஹார்மோன்களைச் சுரந்து ஈரலிலிருந்து குளுக்கோஸை வெளியே விடும். வேகமான பயிற்சியும் அதையே செய்யும்: தசைக்கு எரிபொருள் வேண்டும் என்று ஈரல் கொஞ்சம் தாராளமாக அவிழ்த்துவிடுகிறது. அது தற்காலிக ஏற்றம். பயிற்சி செய்த தசை அதற்குப் பிறகு 24 மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். வெறும் வயிற்று நடையை அதன் மறு நிமிட எண்ணை வைத்து எடை போடாதீர்கள்.

150 நிமிடத்துக்குப் போகும் வழி

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட இலக்கு. முதல் நாளே அங்கே குதிக்க வேண்டாம். மூன்றாவது வாரம் இரண்டாவது வேளை உணவுக்கும் 10 நிமிடம் சேருங்கள். நான்காம், ஐந்தாம் வாரங்களில் ஒரு நடையை 15 ஆக்கி, அதன் நடுவில் 5 நிமிடம் மட்டும் வேகம் கூட்டுங்கள். எட்டாவது வாரத்தில் நாளுக்கு 25, 30 நிமிடம் என்று ஐந்தாறு நாள் வந்துவிட்டால் போதுமானது. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.

மிதமான வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது. இன்னும் திட்டமாக வேண்டுமா? 15 வினாடியில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100. அதுதான் மிதமான வேகத்தின் தொடக்கம். ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ அட்டினலால், மெட்டோபிரலால் சாப்பிடுபவர்கள் நாடித் துடிப்பை வைத்து வேகம் பார்க்கக் கூடாது. அந்த மருந்து துடிப்பைக் கூடவிடாது. அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் சரி.

நாளுக்கு 10,000 அடி என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவம் அளந்து சொன்ன அளவு அல்ல. போன் காட்டும் உங்கள் ஒரு வாரச் சராசரி 2,800 என்றால் அடுத்த இரண்டு வார இலக்கு 3,300.

ஒரு நாளில் மீதி நேரமெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் இந்த நடையின் பலனில் ஒரு பங்கு கரைந்துபோகும். கடையில் கல்லாவில் இருப்பவர், கணினி முன் இருப்பவர், தையல் மெஷினில் இருப்பவர் எல்லோரும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடமாட வேண்டும். போன் வந்தால் எழுந்து நின்று பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடை மட்டும் போதாது

சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸைச் சேர்த்துவைக்க உடலில் உள்ள பெரிய இடம் தசை. நம்மில் பலருக்குக் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு. ஐம்பதைத் தாண்டினால் இருக்கும் தசையும் வற்றத் தொடங்கும். அதனால் வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, தசைப் பயிற்சி வேண்டும். ஜிம் தேவையில்லை.

கை இல்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்கார்ந்து, எழுந்திருங்கள். எட்டு முறை. தொப்பென்று விழுந்தால் பயன் பாதிதான். மெதுவாக இறங்கும்போதும் தொடைத் தசை உழைக்கிறது. எழ முடியாதவர்கள் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அடுத்தது சுவர்: ஒரு கை தூரத்தில் நின்று உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் பதித்து, முழங்கையை மடக்கி முகத்தைச் சுவருக்கு அருகே கொண்டுபோய்த் தள்ளித் திரும்புங்கள். எட்டு முறை. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை. கடைசியில், ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒரு கிலோ. அதைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது பத்து முறை. ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு இன்னொரு சுற்று. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். எட்டு முறை எளிதாகிவிட்டால் 12, பிறகு 15, அதன் பிறகு மூன்றாவது சுற்று.

வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முதல் முறை செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை வலிக்கும். பயப்பட வேண்டாம், அது இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்க வலித்தால் கைக்கான பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

லோ சுகர்: ஒரு முறை வந்தால் நடையே நின்றுவிடும்

உடற்பயிற்சியை விட்டவர்களில் ஒரு பகுதியினர் சோம்பலால் விடவில்லை, பயத்தால் விட்டார்கள். நடுத்தெருவில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு உட்கார நேர்ந்தால் மறுநாள் யாருக்கு வெளியே போகத் தோன்றும்? இதைத் தடுக்க முடியும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் தொடக்க வாரங்களில் நடைக்கு முன் ஒருமுறை பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 250-க்கு மேல் இருந்து காய்ச்சல், வாந்தி, அதிகச் சோர்வு இருந்தால் அன்று வேண்டாம். உடம்பில் ஒன்றுமில்லை என்றால் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக நடக்கலாம். 300-ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேசிவிட்டு மற்றது. இன்சுலினைத் தொடையில் போட்டுக்கொண்டு உடனே நடந்தாலோ சைக்கிள் ஓட்டினாலோ மருந்து வேகமாக உறிஞ்சப்படும். அந்த வேளைக்கு வயிற்றில் போடுங்கள்.

பையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி மடித்த பொட்டலம், சிறிய தண்ணீர் பாட்டில், "எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது" என்ற சீட்டில் வீட்டு எண். நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே நின்று, உட்கார்ந்து, பொடியைக் கரைத்துக் குடியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடையைத் தொடராதீர்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. சரியானதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். சாக்லேட்டை முதலில் சாப்பிடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு: வோக்ளிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் வேலை செய்யாது. அதைக் குடலில் உடைக்கும் நொதியையே அந்த மருந்து தடுத்துவைத்திருக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான். நினைவு தப்பியவர் வாயில் யாரும் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

வழக்கத்தைவிட அதிகம் நடந்த நாளில் இரவுத் தூக்கத்திலும் இறங்கலாம். விட்ட நாட்களையெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நடப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

பாதம்

காலில் வரும் ஒரு கொப்புளமே நடைக்குத் தடை போட்டுவிடும். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பருத்திக் காலுறை, வெள்ளை நிறம். ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். போடுவதற்கு முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஷூ ஒத்துவராதவர்களுக்கு, பின்னால் வார் வைத்த எம்சிஆர் (மென்மையான ரப்பர் அடி வைத்த) செருப்பு நல்லது. இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பது பல் விளக்குவதுபோல் தினசரி வேலை.

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு நடப்பது நல்லது என்று யாராவது உங்களையும் அழைப்பார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது புண்ணை வரவழைக்கும் வழி. எட்டு வடிவில் நடப்பதற்குத் தடையில்லை, செருப்போடு நடக்கலாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். வேண்டுதல் இருந்தால் வெயில் தாழ்ந்த பிறகு, இயன்றவரை காலுறையாவது போட்டுக்கொண்டு, முன்கூட்டி வாரக்கணக்கில் பழகிவிட்டுப் போங்கள். உணர்ச்சியே இல்லாத பாதம் என்றால் காலணி இல்லாமல் அந்தத் தூரம் வேண்டாம்.

தடங்கல் வரும், அதற்கான ஏற்பாட்டை இன்றே செய்யுங்கள்

ஒரே ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளலாம்: தொடர்ந்து இரண்டு நாள் விடுவதில்லை. பயிற்சியால் தசைக்கு வரும் இன்சுலின் கூர்மை இரண்டு நாளில் மங்கத் தொடங்குகிறது, அதனால்தான் இந்த அளவு. ஒரு நாள் விட்டால் குற்றமில்லை, ஈடுகட்டவும் வேண்டாம். இரண்டாம் நாள் ஐந்து நிமிடமாவது நடந்து காலண்டரில் 5 என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டங்கள் அடுத்தடுத்து விழாமல் பார்த்துக்கொள்வதே வேலை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டுக்குள் ஒரு மாற்று: நின்ற இடத்தில் முழங்கால் தூக்கி இரண்டு நிமிடம், நாற்காலி பத்து, சுவர் பத்து, குதிகால் பத்து, இதை மூன்று சுற்று. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும்தான். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும். வெயில் காலத்தில் போதுமான தண்ணீர் குடிக்காமல் நடந்தால் தலை சுற்றும். தெருநாய்த் தொல்லை, இருட்டு, பெண்கள் தனியே போக முடியாத தெரு என்றால் மொட்டை மாடி இருக்கிறது. அதுவும் இல்லையா, தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது கூடத்திலேயே நடக்கலாம்; விளம்பர இடைவேளைகளைச் சேர்த்தாலே பத்து நிமிடம் தேறும்.

"வீட்டு வேலையே போதாதா?" என்ற கேள்விக்கு நேரான பதில்: குனிந்து நிமிர்ந்து தரை துடைத்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடங்கள் கணக்கில் வரும். அடுப்பின் முன் நிற்பதும் பாத்திரம் தேய்ப்பதும் களைப்பைத் தரும். இந்தக் கணக்கில் வராது.

முழங்கால் வலிக்கு ஓர் அளவுகோல்: நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி தங்கினால் அடுத்த நாள் மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் குறையுங்கள், முழுவதும் நிறுத்தாதீர்கள். நிற்கும் சைக்கிளும் நாற்காலிப் பயிற்சியும் மூட்டுக்கு இதம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சு வாங்கல் என்றால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம் என்பதால் வாயுத் தொல்லை என்று ஒதுக்காதீர்கள்.

பிறகு, நடை முடிந்ததும் சாப்பிடும் வடை. அரை மணி நேர மித வேக நடையில் செலவாவது ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி. கூட்டமாக நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வந்துவிடும். பூங்கா வாசலில் விற்கும் சாறுகளில் பழச்சாறும் தேன் கலந்ததும் உங்களுக்கானவை அல்ல. ஆனால் வடைக்காகக் கூட்டத்தையே விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இல்லாத காபியோடு உட்காருங்கள், பேச்சுத் துணை பெரிது.

சென்னையில் நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றில், சர்க்கரை நோய் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பிறகு குடியிருப்போரே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அங்கே 14.2 சதவீதமாக இருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். 2006-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அந்த மக்களின் மன உறுதி ஒரே இரவில் நான்கு மடங்காகிவிடவில்லை. வாசலுக்கு அருகே இடமும், அங்கே தெரிந்த முகங்களும் கிடைத்தன. உங்கள் தெருவில் பூங்கா இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளலாம். கணவன் மனைவி சேர்ந்து நடப்பது பல வீடுகளில் சண்டையில் முடிகிறது, ஒருவர் வேகம் மற்றவருக்கு ஒத்துவராததால். எதிர்த் திசைகளில் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சல், அறுவை சிகிச்சை, பயணம் என்று ஒரு வாரம் நின்றுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதி அளவில் தொடங்குங்கள். ஒரு மாதம் நின்றால் முதல் வார அளவான 10 நிமிடத்துக்கே திரும்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, மாத்திரை போடக்கூடத் தோன்றவில்லை என்றால் அது உடற்பயிற்சிப் பிரச்சினை அல்ல. சர்க்கரை நோயோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது அதிகம், அதற்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதப் பரிசோதனை

இப்போது எச்பிஏ1சி பாருங்கள். முறையான பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரியாக 0.6 முதல் 0.7 வரை குறைந்திருக்கிறது. 8.2 இருந்தவருக்கு 7.5 என்றால் அது நல்ல பலன். தராசு அசையாமல் இருக்கலாம். டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து, தொடக்கத்தில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80-க்குள் இருக்க வேண்டும் என்பது அளவு. எடை குறையாமலேயே இடுப்பு குறைவது இந்தக் கட்டத்தில் சாதாரணம்.

இந்த மூன்று மாதத்தில் லோ சுகர் அடிக்கடி எட்டிப் பார்த்திருந்தால், மாத்திரையின் அளவு உங்கள் புது உடம்புக்கு அதிகமாகியிருக்கலாம். நீங்களாகக் குறைக்காதீர்கள், அதற்காக நடையையும் குறைக்காதீர்கள். லோ வந்த தேதி, நேரம், அன்று நடந்த நிமிடம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, காலண்டர் தாள்களோடு டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையை, எந்த வேளைக்குக் குறைப்பது என்பதை அதை வைத்துத்தான் அவரால் முடிவு செய்ய முடியும்.